என் மகன் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் வரி ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் சாயும். சொல்ல வந்தது பாதியில் மறந்துபோய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பேன். நம் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும் என்று இந்த இதழின் ஆசிரியர் தம்பி போனில் எத்தனையோ தடவை கேட்டார். "எனக்கு இன்னா தம்பி தெரியும், வுட்டுடுங்க" என்று தப்பித்துக்கொண்டே வந்தேன். குளிரைப் பற்றி எழுதலாம் என்றால் அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். இங்கே குப்பைத் தொட்டிக்குச் சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று வைத்திருக்கிறார்கள். எதில் எதைப் போடுவது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை எழுதலாம். படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

இப்போது நானாகவே எழுதுகிறேன். காரணம், போன செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஓர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை எதிரில் உட்காரவைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்டாள். நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். நான் இனிமேல் மகன் வீட்டில் இருப்பதா, வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்குப் போவதா என்பது அந்தப் பேச்சிலேயே தீர்ந்துபோனது. தீர்த்து வைத்தது என் வாய்தான். அந்த வாய்க்கு வார்த்தை கொடுத்தது என் மகன்.

2

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தின் ஓரத்தில். என் மகன் ஏழுமலைக்குக் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் சுமதி ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் இருக்கிறாள். பேத்தி தான்யா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். காலையில் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சாயந்திரம் வரைக்கும் வீட்டில் நானும் குளிர்ப்பெட்டியின் உறுமலும்தான். தரை முழுக்கக் கம்பளம் என்பதால் நான் நடப்பது எனக்கே கேட்காது.

இங்கே எனக்கு முதலில் வந்த சங்கடம் பேரில். நம் வழக்கப்படி அப்பன் பேரோ புருஷன் பேரோ கூடச் சேர்ந்து வருகிறது அல்லவா, இவர்கள் அதைக் குடும்பப் பேர் என்று எடுத்துக்கொண்டு அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் வீட்டில் எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆயிற்று, அவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு பெண் கிட்டே வந்து முழுப் பேரைச் சொல்லச் சொன்னாள். அவர் உயிரோடு இருந்தபோதே அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். தான்யாதான் சொன்னாள். வெளியே வந்ததும் ஒரே சிரிப்பு அவளுக்கு. இப்போதும் எழுதக் கை வரவில்லை. முருகன் பேர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். சாயந்திரம் தான்யா வரும்வரை தரையிலேயே கிடந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் மகனும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அதிகமானது. என் மேலே இருக்கிற கவலை என்றுதான் நினைத்தேன். கவலைதான், அதில் பொய் இல்லை.

3

அந்தச் சமயத்தில்தான் ஏழுமலை ஒரு நாள் சொன்னான்.

"ம்மா, நாள் பூரா சொம்மா குந்திக்கினு கீற. லைப்ரரில வயசானவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்க. போயேன்."

"இந்த வயசுல இங்கிலீசு கத்துக்கினு யார்கிட்ட பேசப் போறேன் நைனா?"

"யார்கிட்டயாவது பேச வேண்டி வரும்ல."

அதில் வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

போனேன். ஜூலி என்று ஒரு டீச்சர். பஞ்சு மாதிரித் தலை. சைக்கிளில் வருவாள். என் பக்கத்தில் லான் என்று ஒரு வியட்நாம்காரி, என்னைவிட மூத்தவள். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். கூச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஜோடி.

ஒரு வேலையைச் சொல்கிற சொல்லையே அந்த வேலைக்குப் பேராக்குவது எப்படி என்று ஜூலி ஆரம்பித்தாள். வாக் என்றால் நட. அதோடு 'இங்' சேர்த்தால் வாக்கிங், நடப்பது. குக் என்றால் சமை. குக்கிங், சமைப்பது. அந்த 'இங்'கை மட்டும் சிவப்பில் எழுதிப் போட்டாள், வால் மாதிரி. ஜெரண்ட் என்று அதற்குப் பேராம். அது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நாற்று நடுவது, களை எடுப்பது என்று நாம் சொல்வதுதானே.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் அந்த வால் வர வேண்டும், எதற்குப் பின்னால் வரக்கூடாது என்பதில். என்ஜாய் என்று ஆரம்பித்தால் வால் கட்டாயம். ஃபினிஷ் என்றாலும் அப்படித்தான். வாண்ட் என்றால் வால் ஆகாது, முன்னால் 'டு' போட வேண்டும். லைக் என்றால் எது வந்தாலும் சரி. "ஒய்?" என்று ஒரு ஈராக் பெரியவர் கோபமாகவே கேட்டார். ஜூலி கையை விரித்தாள். காது பழகினால் தானாக வரும் என்றாள்.

உங்களுக்கு எதைச் செய்தால் சந்தோஷம் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். லான் எழுந்து, "ஐ என்ஜாய் ஸ்லீப்பிங்" என்றாள். தூங்குவதுதான் அவளுக்குச் சந்தோஷமாம். எல்லாரும் சிரித்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன்.

"ஐ என்ஜாய் டு சிட்" என்றேன்.

"சிட்டிங்" என்று மெதுவாகத் திருத்தினாள் ஜூலி.

"ஷி சிட், ஐ ஸ்லீப். குட் ஃப்ரெண்ட்!" என்று லான் என் தோளில் தட்டினாள். அன்றைக்குக் குளிரே தெரியாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

இன்னொரு சொல்லும் அங்கேதான் கற்றேன். மைண்ட். அதற்குப் பின்னாலும் வால் வேண்டும். ஐ டோன்ட் மைண்ட் வெயிட்டிங் என்றால், காத்திருப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை, பரவாயில்லை என்று அர்த்தம். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நான் காலமெல்லாம் சொல்லி வந்த சொல்லுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது என்று தெரிந்தபோது, இந்த ஊரில் நானும் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றியது.

4

வீட்டுப் பாடத்தை ஏழுமலை பார்த்தான். "இன்னாமா இது, என்ஜாய் டு குக்கா? குக்கிங்மா" என்று சிரித்தான். "நானே சொல்லித் தர்றேன், தெனம் கொஞ்ச நேரம் குந்து."

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலேஜ் விடுதிக்குப் போன நாளிலிருந்து அவன் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. லீவுக்கு வந்தாலும் கூட்டாளிகளோடு போய்விடுவான். இங்கே வந்த பிறகு போனும் கம்ப்யூட்டரும். அப்படிப்பட்டவன் சாப்பாடு ஆனதும் சமையலறை மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் என் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். அவன் சட்டையின் சோப்பு வாசனை எனக்கு அடித்தது. அவன் கேட்பான், நான் சொல்வேன். சரியாகச் சொன்னால் மேடையை ஒரு தட்டுத் தட்டுவான். வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன நாள்கூட உண்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவானே என்று.

முதலில் சமைப்பது, நடப்பது, பேத்தியோடு பேசுவது என்று கேட்டான். பிறகு கேள்வி மெல்ல மாறியது.

"டு யு மைண்ட் ஷேரிங் எ ரூம்?"

ரூமை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வது உனக்குப் பரவாயில்லையா என்பது கேள்வி.

"யார்கூட நைனா ரூமு? அந்த லான் கெயவி கூடவா? அவ தூங்குவா, நான் குந்தி பாத்துக்கினு இருக்கணுமா?"

சிரிப்பு வந்தது அவனுக்கு. கொஞ்சம் தாமதமாக வந்தது. "சொம்மா ப்ராக்டிஸ்க்கும்மா. பதில் சொல்லு."

"நோ, ஐ டோன்ட் மைண்ட் ஷேரிங் எ ரூம்."

மேடையில் ஒரு தட்டு.

புதிய மனிதர்களைச் சந்திப்பது பிடிக்குமா, வேறு சாப்பாடு சாப்பிடுவது பரவாயில்லையா, குளிக்கும்போது இன்னொருவர் உதவி செய்வது பரவாயில்லையா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்பதே பதில். ஒரு நாள் "டு யு மைண்ட் மூவிங் டு எ நியூ பிளேஸ்?" என்றான்.

"மூவிங்னா இன்னா?"

"எடம் மாறிப் போறது."

"வூடு மாத்தப் போறியா?"

"இல்லமா. சொம்மா ஒரு சென்டென்ஸு."

அந்த நேரங்களில் சுமதி சமையலறையில் நிற்க மாட்டாள். மாடிக்குப் போய்விடுவாள். தான்யா மட்டும் ஒரு நாள் படியிலிருந்து இறங்கி வந்து, "டாட், திஸ் இஸ் நாட் ஓகே" என்று அவனிடம் கத்திவிட்டு, கதவை அறைந்துகொண்டு போனாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, எங்கள் சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று, அடுத்த நாளிலிருந்து நான் குரலைக் குறைத்துக்கொண்டேன். என் வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் பேசிய பாஷை எனக்கு அன்றைக்கு எட்டவில்லை.

5

செவ்வாய்க்கிழமை ஏழுமலையும் சுமதியும் லீவு போட்டிருந்தார்கள்.

"யார்னா வர்றாங்களா நைனா?"

"ஒரு லேடி வர்றாங்க. கவர்மெண்டுலேந்து. வயசானவங்க எல்லார் வூட்டுக்கும் வந்து பாப்பாங்க. அந்த ஊதாப் புடவைய கட்டிக்கோ."

வந்த அம்மாவின் பேர் ஹெலன். நல்ல உயரம். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. உட்கார்ந்ததும் முதலில் ஏழுமலையிடம் ஒன்று கேட்டாள். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, போனிலேயே வரவழைக்கலாம், செலவு ஒன்றும் கிடையாது என்று. எனக்கு அவ்வளவு புரிந்தது. "நோ நோ, மம் ஸ்பீக்ஸ் வெரி வெல்" என்றான் இவன். அம்மா நன்றாகவே பேசுவாள் என்கிறான்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஹெலன் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். பகலில் என்ன செய்வது பிடிக்கும்? ஐ என்ஜாய் குக்கிங். வெளியே போவீர்களா? ஐ லைக் வாக்கிங் டு த லைப்ரரி. அவள் தலையாட்டித் தலையாட்டி மடியில் இருந்த பலகைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு, ரூமை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வது பரவாயில்லையா என்றாள்.

பதில் என் வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அடுத்தது சாப்பாடு. அதற்கு அடுத்தது குளிப்பாட்டுவது. சமையல் மேடையில் வந்த அதே கேள்விகள். திரும்பி ஏழுமலையைப் பார்த்தேன். அவன் மேடைக்கு அந்தப் பக்கம் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். நான் பதில் சொல்லும்போது அவன் உதடும் கூடவே அசைந்தது. பள்ளி விழாவில் பிள்ளை மேடையேறிப் பாட்டுச் சொல்லும்போது கீழே உட்கார்ந்திருக்கிற தாய்க்கு அசையுமே, அப்படி.

கடைசியாக ஹெலன் ஓர் இடத்தின் பேரைச் சொன்னாள். ஏஜ்ட் கேர் என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். லானின் அக்காளை அப்படி ஓர் இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே தோட்டம் இருக்கிறதாம், இரவும் பகலும் ஆள் இருக்கிறதாம், விழுந்தால் உடனே தூக்குவார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு என் கையின் மேல் கை வைத்துக் கேட்டாள்.

"வுட் யு மைண்ட் மூவிங் தேர்?"

இடம் மாறி அங்கே போவதில் உங்களுக்கு ஒன்றும் இல்லையே?

இந்தக் கேள்வி முழுசாகப் புரிந்தது எனக்கு. ஒரு சொல் பாக்கியில்லாமல் புரிந்தது.

"நோ, ஐ டோன்ட் மைண்ட் மூவிங்" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

6

ஏன் காத்திருந்தேன் என்று நம் பக்கத்து ஜனங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் மாமியாருக்கு வருஷத்தில் சில தடவை கோபம் வரும். என்னோடு சண்டை போட்டுவிட்டு, "நான் எந்தம்பி வூட்டுக்குப் போறேன், இனிமே இந்தப் பக்கம் வந்தா கேளு" என்று ஒரு துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பாள். தம்பி வீடு தென்னேரியில். வாலாஜாபாத் பஸ் வரும். கண்டக்டர் தலையை நீட்டிக் கேட்பார்.

"இன்னா ஆயா, ஏறுறியா?"

"நீ போ. எம்புள்ள வரட்டும். நீ போம்மான்னு அவன் வாயால சொல்லட்டும், அப்பால ஏறுறேன்."

"அவன் சொல்லவும் மாட்டான், நீ ஏறவும் மாட்ட. ரைட், போலாம்!"

பஸ் முழுக்கச் சிரிக்கும். அவள் எதையும் கண்டுகொள்ளாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் எங்கே வேலையில் இருந்தாலும், சேறு படிந்த காலோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நிற்பார்.

"எங்க கெளம்பிட்ட? வா வூட்டுக்கு."

"வரல."

"வான்றேன்ல!" என்று மூட்டையைப் பிடுங்கி சைக்கிளில் வைத்துக்கொண்டு நடப்பார். அவள் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வருவாள். ராத்திரிச் சோற்றுக்கு என் பக்கத்தில்தான் உட்காருவாள். மூட்டைக்குள் என்னதான் இருக்கிறது என்று நான் ஒரு தடவை பார்த்தேன். ஒரு புடவையும் வெற்றிலைப் பையும்தான். பத்து நாள் தங்கப் போகிறவள் கட்டுகிற மூட்டை இல்லை அது.

நம் வீடுகளில் இது எல்லாவற்றிலும் உண்டு. சோறு போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், கைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி விழ வேண்டும். கிளம்புகிறேன் என்றால், "இன்னா அவசரம், இருந்துட்டுப் போ" என்று ஒரு குரல் வர வேண்டும். போகிறேன் என்று சொல்வது ஒருத்தர் வேலை. போகாதே என்று சொல்வது மற்றவர் வேலை. நான் என் வேலையைச் செய்தேன்.

7

ஏழுமலை ஒன்றும் சொல்லவில்லை.

கெட்டில் கொதித்துச் சத்தம் போட்டு, தானாக அணைந்தது. சுமதி பாத்திரம் கழுவிக்கொண்டு திரும்பாமல் நின்றாள். ஹெலன் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே ஏதோ உறுத்தியதோ என்னவோ, "ஆர் யு ஷ்யூர்?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பாருங்கள், போகிறேன் என்றவளை மறுபடி கேட்கிற நாகரிகம் அந்த வெள்ளைக்காரிக்கு இருந்தது. நான் அப்போதும் அவனைத்தான் பார்த்தேன். அவன் கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். "யெஸ்" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? வந்த மனுஷி முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா?

ஹெலனைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் உள்ளே வந்தான். என்னிடம் நேராக வந்து, மேடையைத் தட்டுவான் அல்லவா, அதே மாதிரி என் தோளைத் தட்டினான்.

"சூப்பர்மா. ஒரு தப்பு கூட இல்ல."

நான் கீழே விழுந்து கிடந்த அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

பிறகு படுத்துக்கொண்டு, அவன் கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். பிடிக்குமா என்று கேட்டிருந்தான். பரவாயில்லையா என்று கேட்டிருந்தான். வேண்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த வாண்ட் என்ற சொல்லை ஜூலி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள், அவன் பாடத்தில் அது வரவே இல்லை. அவன் பேரில் இரக்கமும் வருகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், நான் மறுபடி விழுந்தால் என்ன செய்வார்கள்? நேரில் உட்காரவைத்து, "ம்மா, எங்களால முடியல, நீ அங்க போய் இரு" என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன், அப்புறம் நானே மூட்டை கட்டியிருப்பேன். அதை விட்டுவிட்டு, என் பக்கத்தில் அன்பாக உட்கார்ந்து, சிரித்து, தட்டிக்கொடுத்து, நாளெல்லாம் காத்திருந்து நான் மகிழ்ந்த அந்தச் சாயந்திரங்களை வைத்து என்னை வெளியே அனுப்பியதுதான் ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பாடம் நின்றுபோயிற்று. நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

8

ஊரில் இருக்கிற என் தங்கை அலமேலுவோடு போனில் பேசினேன். அவளிடம்தான் சொல்ல முடிந்தது. கேட்டதும் குதித்தாள்.

"ஏன்க்கா, உனுக்கு வாயில்ல? போறேன்னு நீ ஏன் சொன்ன?"

"அவன் வேணாம்பான்னு பாத்தேன்டி."

"அவன் வெளிநாட்டுக்குப் போய் எத்தினி வர்சமாச்சு! அவனுக்கு இதெல்லாம் மறந்து பூட்டுக்கீதோ இன்னாமோ. போனக் குடு அவங்கிட்ட. டேய் ஏயுமல, உங்கம்மா போறேன்னா புடிச்சி இழுக்கணும்டான்னு நான் சொல்றேன்."

"வேணாம் வேணாம். பேஜாராப் பூடும்."

"அப்ப வந்துடு. எங்கூட இரு. காலை நீட்ட எடம் இருந்தா போதாதா?"

அவள் வீட்டில் அந்த இடமும் இல்லை. ஒரே அறையில் மகன், மருமகள், பிள்ளைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறார்கள். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், வேணாம்மா என்று நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அதெல்லாம் கெடையாது, வா நீ" என்று விடாமல் கூப்பிட்டாள். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. போக முடியாத இடத்திலிருந்து இப்படிக் கூப்பிடுகிறார்கள், இருக்கிற இடத்தில் ஒரு சொல் இல்லை.

அவள் சொன்ன ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. மறந்திருப்பானோ? போகாதே என்று சொல்ல வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்குமோ? இல்லை, கெட்டில் சத்தத்தில் நான் சொன்னதே அவன் காதில் விழவில்லையோ? நான் எழுதியிருக்கிறபடி பார்த்தால் அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் நான் மறதிக்காரி, கண்ணும் முன்னே மாதிரி இல்லை.

9

வருகிற சனிக்கிழமை அங்கே ரூம் பார்க்கப் போகிறோம். இடம் காலியானதும் நான் போக வேண்டும். சுமதி எனக்காகக் கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள். தான்யா என்னிடம் தமிழில் பேசப் பார்க்கிறாள். ஏழுமலை வழக்கம்போல, "நாஷ்டா துன்னியாமா" என்று கேட்டுவிட்டு ஆபீஸ் போகிறான். எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாயெடுக்கும்போதெல்லாம் என் கூச்சம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெற்ற பிள்ளையிடம் என்ன கூச்சம் என்பீர்கள். முன்னே இருந்ததில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

ஆசிரியர் தம்பி, இதில் இங்கிலீஷ் வார்த்தைகளை நான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நான் சொன்ன இலக்கணமும் சரிதானா என்று ஒரு வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழுமலையும் உங்கள் இதழைப் படிக்கிறவன்தான், அவன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. அச்சுக்குப் போவதற்கு முன்னால், முடிந்தால் சனிக்கிழமைக்கு முன்னால், அவனுக்கு ஒரு போன் போட்டு ஏழாவது பகுதியை மட்டும் படித்துக் காட்டுங்கள். நான் போகிறேன் என்று சொன்னது அன்றைக்கு அவன் காதில் விழுந்ததா, இல்லையா? விழவில்லை என்று சொன்னால் நான் எழுதியது தப்பு, அந்தப் பகுதியை அடித்துவிடுங்கள். விழுந்தது என்று சொன்னால் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள்.